முசுட்டை வேலியில் சிவப்புத் துணி

கோப்பாய்க்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருடம், எங்கள் வேலி முழுக்க முசுட்டைக் கொடி படர்ந்திருந்தது. முசுட்டை இலையைப் பொடியாக அரிந்து துருவிய தேங்காய்ப்பூவோடு வறுத்தால், அந்த மணத்துக்கே இன்னும் இரண்டு பிடி சோறு இறங்கும். வாய்வுக்கும் நல்லது என்பார்கள். சாப்பாட்டுக் கதை எடுத்தால் நான் நிறுத்த மாட்டேன்; வண்டுக் கதைக்கு வருகிறேன்.

ஒரு காலை இலை ஆயப் போனபோது, ஓர் இலையில் பொன் மின்னியது. யாருடைய தோடோ விழுந்து கிடக்கிறது என்று கையை நீட்டினேன். தோடு நடந்தது! சின்ன விரல் நகமளவு வண்டு. உருக்கி ஊற்றிய பொன்னாய் முதுகு, அதைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு விளிம்பு. பிள்ளைகள் பெட்டியில் வளர்க்கும் பச்சைப் பொன்வண்டு எனக்குத் தெரியும். இது அதல்ல.

இரண்டு சிரட்டைக்குள் வைத்து மூடினேன். பின்னேரம் புகையிலைத் தோட்டத்தால் வந்த என் வீட்டுக்காரரிடம் திறந்து காட்டினால், வண்டு செத்துக் கிடந்தது. பொன்னும் போய்விட்டது.

“உதே பொன்? புளியங்கொட்டைக் கோது மாதிரியெல்லே கிடக்கு.”

அவரைப் பெற்ற மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பிள்ளை, நாளைக்கு வேலியிலை அட்டியல் காய்ச்சாலும் சொல்லு. கடகப்பெட்டியோடை வாறன்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உயிரோடு, இலையில் வைத்தே காட்டுகிறேன் பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அது எங்கே, எப்போது வருகிறது என்று தெரிய வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கீலம் கீலமாகக் கிழித்து, வண்டைக் கண்ட இடத்துக் கதியாலில், அதாவது வேலிக்கு நட்ட தடியில், கட்டினேன். காலையில் கண்டால் அடியில், வெயில் ஏறிய பிறகு கண்டால் உச்சியில். கொஞ்ச நாளில் வேலியே விளங்கப்படுத்தியது: காலையில் அது கிணற்றடிப் பக்கம், முதல் வெயில் விழும் இடத்தில், வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த இலைகளில்தான் இருக்கும்.

பக்கத்து வளவில் சின்ன மாமி இருந்தார். என் மாமியின் ஒன்றுவிட்ட தம்பி மனைவி. அவர் துணிகளைக் கண்டார். நான் நாள்தோறும் வேலியோடு குந்தியிருப்பதையும் கண்டார். வேறு என்ன நினைப்பார்? வேலி ஒரு விரல் நகர்ந்தால் பரம்பரைக்கே பேச்சுவார்த்தை அறுந்துபோகிற ஊர் எங்களுடையது.

“மச்சாள், இஞ்சை வாருங்கோ! கதியாலுக்குக் கதியால் குறி போட்டிருக்கிறியள். காணி அளக்க ஆள் பிடிச்சாச்சோ?”

மாமி கிணற்றுத் துலாவை விட்டுவிட்டு ஓடி வந்தார். “ஆர் குறி போட்டது? எனக்கொண்டும் தெரியாது.”

“நான்தான் மாமி. வண்டுக்குப் போட்டனான்.”

“வண்டுக்கோ?” சின்ன மாமி இடுப்பில் கையை வைத்தார். “வண்டு காணி உறுதிக் கடதாசியும் கொண்டு வந்ததோ?”

மாமி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இப்போது காட்டாவிட்டால், அந்த வீட்டில் இனி நான் எதைச் சொன்னாலும் புளுகுதான்.

நல்லவேளை, காலைநேரம். கிணற்றடிக் கதியாலுக்குப் போனேன். முதல் இலையை விலக்கினேன், இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஓட்டை விழுந்த இலை ஒன்றை மெல்லத் திருப்பினேன்.

“கிட்ட வாங்கோ. தொட்டுப்போடாதேங்கோ.”

அங்கே இருந்தது, வெயிலை வாங்கி எறிந்துகொண்டு.

“என்ரை அம்மாளாச்சி!” என்றார் மாமி. வேலிக்கு அந்தப்பக்கம் சின்ன மாமி கொடியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“மச்சாள், வண்டு எங்கடை பக்கத்து இலையிலையெல்லே இருக்கு.”

“இலை உங்கடை பக்கம் எட்டிப் பாக்குது, அவ்வளவுதான். கொடி எங்கடை. வண்டு என்ரை மருமோள் கண்டுபிடிச்சது!”

“அப்ப இவ்வளவு நாளும் என்ரை இலையைத் திண்டது உங்கடை வண்டே? நட்டத்தை ஆர் தாறது?”

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொடி முழுக்க ஆடியது. வண்டு விழுந்துவிடுமோ என்று எனக்குத்தான் பயம்.

அன்று பின்னேரம் தன் மகனை வாசல் படலையிலேயே மறித்து மாமி சொன்னது அடுக்களைவரை கேட்டது:

“தம்பி, நாளைக்கு விடியத் தோட்டத்துக்குப் போகாமல் நில். உன்ரை பெண்சாதி ஒரு சாமான் காட்டுவாள். கையை மட்டும் நீட்டிப்போடாதை.”