காஞ்சனா தொடாத இருபத்தாறு கேள்விகள்

நான் காஞ்சனாவிடம் பொய் சொன்னேன். அறியாமல் அல்ல, விதிமுறைகளை வரிவரியாகப் படித்து, உண்மை இன்னதென்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

இன்று சித்தூர் நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு அணிந்து நிற்கிறேன். என் உழைப்பா என்னை இங்கே நிறுத்தியது, அந்தப் பொய்யா? விடை தெரியவில்லை... நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்போது நான் ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காஞ்சனா அங்கே வந்து பழக்கமான விஜயபுரத்துப் பெண். என்னைவிட ஐந்து வயது இளையவள். தமிழ் வழிப் பள்ளி, தபால் வழியில் பட்டம். அவளுடைய அக்கா அமுதாவைக் கணவன் கைவிட்டிருந்தான். ஜீவனாம்ச வழக்கு நடந்துகொண்டிருந்தது. நீதிமன்றத்துக்குள்ளே தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஏதேதோ பேசுவார்கள். வெளியே வந்ததும் வக்கீல், "அடுத்த வாய்தாவுக்கு வாங்க" என்பார். அவ்வளவுதான்!

"அங்க இன்னா பேசிக்கினு இருக்காங்கன்னு எனக்குப் புரியணும்க்கா. அதுக்கு நானே வக்கீல் ஆனாத்தான் ஆவும்" என்றாள்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. இருவரும் சட்ட நுழைவுத் தேர்வுக்குத் தயாரானோம். ஞாயிறுதோறும் பேருந்தில் திருப்பதி நூலகத்துக்குப் போவோம். கேள்விகள் தெலுங்கிலும் வரும்; தெலுங்கு பேசத் தெரிந்த அவள் படிக்கத் திணறுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டியே தேறினாள்.

தேர்வில் பொது அறிவு, நடப்புச் செய்தி, சட்ட நாட்டம் என மூன்று பகுதிகள். மூன்றாவதில் ஒரு விதியையும் ஒரு சம்பவத்தையும் கொடுத்துப் பொருத்தச் சொல்வார்கள். ஒருவனுடைய ஆடு அடுத்தவன் நிலத்தில் மேய்ந்தால் யார் பொறுப்பு? நான் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பேன். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, "வேலி யாருதுக்கா?" என்று கேட்பாள். எனக்குச் சுருக்கென்றிருக்கும்... அது படித்து வருவதா?

ஆங்கிலத்தில் இருக்கும் விண்ணப்பத்தையும் விதிமுறைகளையும் படித்துச் சொல்வது என் பொறுப்பு. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு பழைய வினாத்தாள் ஒன்றை எழுதி, தாள்களை மாற்றித் திருத்தினோம். அவள் என்னைவிட ஏழு மதிப்பெண் அதிகம்! அவளுடைய தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எத்தனை கேவலமானது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

திரும்பும் பேருந்தில் அவள் கேட்டாள்: "தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பா ஒண்ணு போட்டுடலாமாக்கா? தப்பாப் போனா மார்க் பிடிப்பாங்களா?"

பிடிக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் விடையளிப்பதே புத்திசாலித்தனம். எனக்குத் தெரியும்!

"பிடிப்பாங்க. நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் போடு" என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது அந்த வாக்கியம்! அவள் இறங்கும் புத்தூர் வரை எனக்கு நேரம் இருந்தது. மூன்று வாரங்கள் இருந்தன. ஒரு வார்த்தை போதுமே... சொன்னேனா?

தேர்வு முடிந்து வெளியே வந்தவளின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "உள்ள ரூல்ஸ் இங்கிலீஷ்ல வந்திச்சு, நீதான் சொல்லிட்டியேன்னு தாண்டிட்டேன். நீ சொன்ன மாதிரியே இருவத்தாறு கேள்விய தொடவே இல்லக்கா!"

எனக்குத் திருப்பதி சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்கு எங்கும் கிடைக்கவில்லை.

"சட்டமெல்லாம் என் மண்டையில ஏறாதுக்கா. வுட்டுடறேன்" என்றாள். மறுக்கவில்லையே நான்! தலையை ஆட்டி ஆமோதித்தேன். பொய்யைவிடப் பெரிய குற்றம் அதுதான்.

நான் படித்து முடித்தேன். அதற்குள் அமுதா வாய்தாக்களுக்குப் போய்ப் போய்ச் சலித்து, ஒருநாள் நின்றுவிட்டாள். வழக்கு தள்ளுபடியாயிற்று. காஞ்சனா வக்கீலாகியிருந்தால்...?

போன வருடம் விஜயபுரம் போனேன். நிலக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த காஞ்சனாவை வரப்புக்கு அழைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான் மக்குன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேனே..."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "இந்த வருசம் ஃபாரம் எப்ப வுடறாங்க?"

"மாசம் பொறந்ததும். நானே வந்து சொல்லித் தரேன் காஞ்சனா. புத்தகமெல்லாம்..."

"வேணாம். நீ சொன்னா, அது நெசமான்னு நான் இன்னொருத்தர கேக்கணும். எனக்கு ரெண்டு வேல."

திரும்பிச் செடிகளுக்கிடையே போய்விட்டாள்.

தனியாகவே படித்தாள். விதிமுறைகளை அகராதி வைத்துக்கொண்டு தானே படித்தாளாம். அமுதா சொல்லித்தான் தெரிந்தது. எழுதினாள். எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்தாள். இப்போது முதலாண்டு மாணவி!

மகிழ்ச்சியா எனக்கு? மகிழ்ச்சிதான். ஆனால் அது என்னை விடுவிக்கவில்லை. அமுதாவின் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனு எழுதினேன். கட்டணமில்லாமல் நடத்துகிறேன் என்று அவளிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"தங்கச்சி படிச்சி வரட்டும். அதுவரைக்கும் இருக்கேன்."

இன்னும் இரண்டு வருடங்களுக்கு மேல் அவள் காத்திருக்க வேண்டும். தினமும் பத்தரை மணிக்கு நீதிமன்றப் படி ஏறும்போது, அவளுக்கு அந்த வருடங்களைத் தந்தது நான்தான் என்ற நினைப்பும் என்னுடன் ஏறுகிறது.