எட்டு நாள் தண்ணீர்

பித்தளைக் கூஜா அது. மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருந்தது. அதைத்தான் என்னோடு தங்க வந்தவன் முதலில் அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். தகரப்பெட்டியும் பாயும் பிறகுதான் வந்தன. நயா பைசா புழக்கத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனி மாதம், திங்கட்கிழமை, உச்சிவேளை. கோவில்பட்டியில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் தங்கும் விடுதி. நான் காலையிலேயே வந்து, என் பெட்டியைத் திறக்காமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். திறந்துவிட்டால் இங்கேயே தங்குவதாக ஆகிவிடும் என்று ஒரு பயம்.

விடுதியில் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் பசுவந்தனை, அவன் ஓட்டப்பிடாரம். மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீடு அவனுடையது. மூன்று வருஷமாக மழை சரியில்லை. இவன் வாத்தியாராகிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

வெளியூர் போய்த் தங்கினால் தண்ணீர் மாறி உடம்புக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பயம். கூஜாவில் இருந்தது அவன் ஊர் ஊருணித் தண்ணீர். முதல் நாள் அதையே குடிக்க வேண்டும். மறுநாள் கொஞ்சம் விடுதிக் கிணற்றுத் தண்ணீரைக் கலக்க வேண்டும். இப்படி நாளுக்கு நாள் ஊருணித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

“எட்டாம் நாள் நானும் கோயில்பட்டிக்காரன் ஆயிருவேன்” என்றவன், எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினான். “நீயும் குடிலே. ரெண்டு பேருமாச் சேர்ந்தே பழகிக்கிடுவோம்.”

குடித்தேன். லேசான மண்வாடை. எங்கள் ஊர் ஊருணிக்கும் அதே வாடைதான். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவன் கலந்து கொடுத்ததையும் குடித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மணியாச்சி எங்கள் அறைக்கு வந்தார், கூட நாலைந்து பேர். இரண்டாம் வருஷத்துக்காரர், ரயில்வேக்காரர் மகன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“ஏலே ஓட்டப்பிடாரம், கூஜாவுல என்னலே? சீம்பாலா?”

“தண்ணி அண்ணாச்சி.”

“ஏன், கோயில்பட்டியில தண்ணி கிடையாதோ?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அடுத்தபடி என் பக்கம்தான் திரும்புவார்கள் என்ற நடுக்கத்தில் நான் முந்திக்கொண்டேன். “பிள்ளைக்கு எட்டு நாளையில பால் மறக்கடிக்காவ அண்ணாச்சி.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணியாச்சி என் தோளில் கைபோட்டார். மூன்று நாளாக இருந்த பயம் அந்தச் சிரிப்போடு போயிற்று. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “அப்பொ நீயே கொண்டுபோயி ஊத்திட்டு வா” என்றார். கூஜாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். முற்றத்துக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊற்ற ஊற்றத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியது. வெறுங்கூஜாவை அவன் பெட்டிமேல் வைத்தேன். ‘நீயும்தானே குடிச்சே’ என்று எல்லார் முன்னாலும் அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழன் விடிந்ததும் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. ‘இருலே, நான் சொன்னது தப்பு’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனான், நான் தூங்குகிறேன் என்று நினைத்தோ என்னவோ.

எட்டு மணிக்கு வார்டன் வந்தார். “ஓட்டப்பிடாரத்துப் பையன் எங்க?”

“தண்ணி ஒத்துக்கலை, ஊருக்குப் போயிட்டான் சார்.”

உடம்புக்கு முடியாமல் போனவன் சரியானதும் வருவான் என்று இரண்டு வாரம் பார்த்தார். பிறகு அந்த இடத்தைக் காத்திருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம், கேலி பொறுக்காமல் ஓடிப்போன ஒரு பையனைத் தேடி அதே வார்டன் மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கையோடு கூட்டி வந்தார். அந்தப் பையன் அவர் பின்னால் பெட்டியோடு வாசலில் நுழைந்ததைப் பார்த்தபோதுதான், அன்று அவரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது. அதன் பிறகும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. ஓட்டப்பிடாரம் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்; இறங்கி விசாரித்ததில்லை.

இப்போது எங்கள் பக்கத்து ஊர்களில் எந்தப் பள்ளிக்கூடம் எப்போது தொடங்கியது, எந்த வருஷம் மழை தப்பியது என்றெல்லாம் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அந்த வருஷத்து நாட்குறிப்பும் என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரே வரி: ‘ஓட்டப்பிடாரம் ஊர் திரும்பினான். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.’ என்னைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.