இணைச்சீரில் வாய்விட்டுச் சிரித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு தம்பிக்குப் பெண் நிச்சயமான சமயம். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீடே சந்தோஷத்தில் இருக்க, நான் மட்டும் கல்யாண நாளை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். காரணம் இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்பு, மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, கூறைப்புடவை வைத்த பேழையைச் சுமந்து, சபை நடுவே அவனோடு நின்று செய்கிற சீர் அது.

எனக்கோ இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், ஏன், சத்தமாகச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்துவிடும். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் புடவை நனைந்தால்? “பெரியப்பா மகளை நிக்கச் சொல்லும்மா” என்றேன். அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

“கூடப் பொறந்தவ நீ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, அவ எதுக்குடி நிக்கோணும்?”

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பண்ணையில் கூட வேலை செய்யும் ஒரு அக்காவிடம் சொன்னேன். அவருக்கும் இதே தொல்லை இருந்து, மாத்திரையில் குணமாகியிருந்தது. “இதையே போடு கண்ணு, நின்னுக்கும்” என்று அட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். போட்டேன். நாக்கு வறண்டது, மலச்சிக்கல் வந்தது. முக்கி முக்கிக் கசிவு முன்னைவிட அதிகமானதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் சேலத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டு, மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவங்களுக்கு அவசரம் வந்தா அடக்க முடியலை. உங்களுக்குத் தாங்கற தசையே தளர்ந்து போயிருக்குது. அடுத்தவங்க மாத்திரையப் போடலாமுங்களா?”

பிறகு என் வேலை என்ன, எதையெல்லாம் தூக்குகிறேன், இருமல் எதனால் வருகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், “இது சரியானா முதல்ல என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?” என்றார்.

“தம்பிக்கு இணைச்சீர் செய்யோணுங்க” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“அப்ப அதுக்கே வைத்தியம் பார்த்துருவோம்” என்று சிரித்தார்.

தீவனத் தூசியால் வந்த இருமலுக்கு மருந்து கொடுத்து, வேலையில் மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னார். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருந்தேன்; அதற்குத் தனியாகத் திட்டு விழுந்தது. சிறுநீரை நிறுத்துவதுபோல அந்தத் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். நான் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கினேன். “வயிறு இல்லைங்க, கீழே!” என்று சோதித்துப் பார்த்துத் திருத்தினார். என் தசை அதிக நேரம் தாங்காது என்பதால் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, போகப் போகக் கூட்டினார். முட்டை அட்டைகளைத் தூக்கும் முன்பும், இருமல் வரும்போதும் முதலில் இறுக்கிக்கொள்ளப் பழக்கினார். சில வாரங்கள் ஒன்றுமே தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கல்யாணம் நெருங்கும்போதுதான், இருமியும் உள்ளாடை நனையாத முதல் நாள் வந்தது. குளியலறையில் நின்று குதிக்காத குறை!

கல்யாணத்தன்று பேழையோடு தம்பி பக்கத்தில் நின்றேன். எங்கள் தாய்மாமா சும்மா இருப்பாரா? என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மாப்ளே, உம்பட சம்சாரத்தப் பாத்தியா? மறுக்காப் பொண்ணு கேட்டுப் போகோணுமாட்ட இருக்குது!” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் என்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பக்கென்றது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை! அப்படியே நிமிர்ந்து நின்றேன்.

இப்போது பண்ணையில் யாராவது என்னிடம் ரகசியமாக வைத்தியம் கேட்டால், என் பயிற்சியைச் சொல்லித் தருவதில்லை. கையோடு மருத்துவரிடம் கூட்டிப்போய், “உங்க கதைய நீங்களே சொல்லுங்க” என்று உட்கார வைத்துவிடுகிறேன். வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை வாய்திறந்து சொன்னதால்தான் தம்பிக்கு அக்காவாகச் சபையில் நின்றேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் தலைகொள்ளாத பெருமை.