பாதியில் அறுந்த குலவை

கொரோனா இரண்டாவது அலையில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினேனே, அதற்கு மூன்றாம் வருட முளைப்பாரித் திருவிழாவில் நடந்தது இது. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். எட்டாம் வகுப்போடு நின்று வயல் வேலைக்குப் போனவள் நான். ஆனால் குலவை போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. முளைப்பாரியைத் தலைக்குத் தூக்கும்போது முதல் குலவை என்னுடையதுதான். கேட்பவர்களுக்கு மூச்சு முட்டும், எனக்கு முட்டாது.

நோய் போய்விட்டது என்று சீட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். மூச்சு மட்டும் முழுதாக என்னோடு வீடு வந்து சேரவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார வேண்டும். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் இளைக்கும். ஏற்கெனவே நான் பயந்த சுபாவம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மெஷினை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தேன். அடுப்படியில் ஒரு தடவை, வரப்பில் ஒரு தடவை. அது சரியான அளவைத்தான் காட்டும். மெஷின்தான் ரிப்பேரோ என்று வீட்டுக்காரர் விரலிலும் மாட்டிப் பார்ப்பேன்.

நடவுக்குப் போனால் பாதியில் கரையேறிவிடுவேன். வேலைக்கு வளையாமல் நடிக்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல் ஆறிருச்சும்மா. ஆனா கொரோனா போனப்புறமும் சிலருக்கு இந்த இளைப்பு வருசக்கணக்கா இருக்கும். நீங்க பொய் சொல்லலை" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகப் பஸ்ஸில் வரும்போது அழுதேன். அவர் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியை ஒருநாள் விடாமல் செய்தேன்.

இருந்தாலும் இரண்டு வருடத் திருவிழாவுக்குச் சாக்குச் சொல்லி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். முதல் குலவை பாதியில் அறுந்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பழி எனக்கெதற்கு?

மூன்றாம் வருடம் மதினி வந்து நின்றார். என் அண்ணன் மனைவி. நடவில் எப்போதும் எனக்குப் பக்கத்து ஆள்.

"இந்தத் தடவை நீதான் போடணும்."

"பாதியில நின்னுச்சுன்னா, மதினி?"

"நின்னா பாத்துக்கலாம், வா. அந்த மெஷின மட்டும் வச்சுட்டு வா. வெரல்ல அத மாட்டிக்கிட்டு கொலவை போட்டா சாமியே சிரிச்சுரும்."

வைத்துவிட்டு வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டுதான் போனேன்.

பூசாரி கைகாட்டினார். நாக்கைச் சுழற்றினேன். பழைய சத்தம் அப்படியே வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. முளைப்பாரிகள் பாதிதான் தலைக்கு ஏறியிருக்கும், நெஞ்சுக்குள் கயிறு இறுகினாற்போல் மூச்சு அறுந்தது. ஊரையே கெடுத்துவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. நான் விட்ட இடத்திலேயே மதினி எடுத்திருந்தார். அவருக்கு முடியும்போது பின்னாலிருந்த ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. அதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிட்டது. மறுபடி நான் சேர்ந்துகொண்டேன். கடைசி முளைப்பாரி தலைக்கு ஏறும்வரை குலவை அறுபடவே இல்லை.

முளைப்பாரியைக் கரைத்துவிட்டுக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, "எல்லாரும் சொல்லி வச்சு எடுத்தீங்களா?" என்று மதினியிடம் கேட்டேன்.

"எங்களுக்கும் ரொம்ப நாளாப் போடணும்னு ஆசைதான். முன்னாடியெல்லாம் நீ எங்க எங்கள சேரவிட்ட? முழங்கையால இடிப்பியே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மைதான், இடித்திருக்கிறேன்.

இன்னமும் ஒரு குடம் தூக்கினால் உட்காரத்தான் செய்கிறேன், மெஷினும் முந்தானையில்தான் இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் முதல் குலவையை நான் எடுத்து, மூச்சு தீருமிடத்தில் மதினி பக்கம் திரும்பித் தலையசைக்கும்போது, தனியாகப் போட்ட காலத்தில்கூட இல்லாத பெருமை மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.