சாக்கில் சிவந்த கொழுந்து

பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. முப்பதுகளில், தெல்தோட்டைப் பக்கத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில் இதுதான் விதி. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் உத்தரவுப்படி அது ஆங்கிலத்தில் எடைக் கொட்டகைச் சுவரில் தொங்கியது. சாக்குக்காரர்கள் எவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அதை அவர்களுக்குப் படித்துச் சொல்ல விதி எதுவும் இருக்கவில்லை.

மார்கழி பிறந்த அன்று, தொழிற்சாலைக்குப் போன கொழுந்து இயந்திரத்தில் போடுமுன்பே சிவந்து கிடந்தது. துரை கங்காணியைக் கேட்டார். கங்காணி, மேல்மலையில் கொழுந்து பறித்த ஒரு பெண்ணைக் காட்டினார்; கூடையை முழங்கையால் அமுக்குகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அவளுக்கும் புருஷனுக்கும் ஒரு மாத நோட்டீஸ். வேலையோடு, குடியிருந்த லயத்து அறையும் போய்விடும்.

அவள் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள்.

"அமுக்குனேன், இல்லேன்னு சொல்லலைங்க ஐயா. கொட்டுறப்ப பச்சையாத்தானே இருந்துச்சு? நீங்களும் பாத்தீங்கள்ல?"

"ஓம், பாத்தனான். ஆனா துரை பாத்தால்தான் சாட்சி."

கண்டியில் படித்த தாவரவியல் என்னை உட்கார விடவில்லை. இலை முழுவதும் நுண்ணிய அறைகள். ஒவ்வொரு அறையையும் கண்ணுக்குத் தெரியாத சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. உள்ளே இன்னொரு சவ்வு துவர்ப்புச் சாற்றைத் தனியே அடைத்து வைத்திருக்கிறது. தண்ணீரைப் போகவர விடும், சாற்றை விடாது. வாட்டும்போது இலை துவண்டாலும் சவ்வு தாக்குப்பிடிக்கும். இயந்திரம் உருட்டிக் கசக்கும்போதுதான் அது கிழிந்து, சாறு அறையிலுள்ள மற்றப் பொருள்களோடும் காற்றோடும் கலந்து செம்பு நிறமாகும். அப்படியானால் இயந்திரத்துக்கு முன்பே எதுவோ கிழித்திருக்கிறது.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். ஒருவன் சாக்குக்குள் இறங்கி, கொழுந்தை மிதித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மிதிக்கிறாய்?"

"லொறி ரெண்டாந்தடவ மலை ஏறாதுங்க ஐயா. எல்லாம் ஒரே தடவையில அடங்கணும், அதான் நான் சாக்குல ஏறுறேன்."

அவள் கூடையிலிருந்து ஒரு பிடி, மிதித்த சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து மேசையில் வைத்தேன். எழுந்து பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தேன்.

"என்ன ஐயா, அடை வச்சிருக்கிறியளோ?" என்றான் சின்னக் கிளாக்கர்.

மத்தியானத்துக்குள் சாக்குக் கொழுந்து சிவந்துவிட்டது. மற்றதில் ஓரிரு விளிம்புகள் மட்டுமே. இரண்டையும் துரையிடம் கொண்டுபோனேன். கிளாக்கரின் வேலை கடதாசியோடு என்றார். வேண்டுமானால் கொழும்பிலுள்ள தேயிலை ஆலோசகருக்கு எழுதலாம். பதில் வரும்வரை நோட்டீஸ் நோட்டீஸ்தான்.

அன்றே எழுதினேன். பிறகு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். தபால் பை வரும்போதெல்லாம் வாசலில் நின்றேன். அவளும் வருவாள்.

"கொழும்புக் காயிதம் வந்துருச்சாங்க ஐயா?"

"இல்லை."

"மாட்டு வண்டியில வருது போல."

நோட்டீஸ் முடிந்த நாள் போகிக்கு நேர்ந்தது. பொங்கலுக்கென வாங்கிய புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அவள் நடந்தாள். மூட்டைகளோடு புருஷன் பின்னால் போனான்.

மிதித்ததால் சவ்வு கிழிந்ததே காரணம், கூடையில் அமுக்கியது பொருட்படுத்தத் தக்கதல்ல, பறித்தவர் மீது நடவடிக்கை அவசியமில்லை என்ற பதில் என் மேசைக்கு வந்தது மாட்டுப் பொங்கலன்று.