மலர்விழியின் முதல் வரி

போன மாதம் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் மலர்விழி என்னைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு மேல் வீடு. வேலூர்க் குடும்பம், வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். நகரத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர்.

“சார், கம்பெனியில பாதுகாப்பு பத்தி கட்டுரைப் போட்டி. எந்த மொழியில வேணா எழுதலாமாம். நான் தமிழ்ல எழுதிட்டேன். நீங்க பத்திரிகையில எழுதுறவரு, கொஞ்சம் பாக்குறீங்களா?”

பார்த்தேன். மூன்று பக்கம். ‘விழிப்புணர்வு’ மட்டும் பதினோரு இடத்தில். தப்பே இல்லை... உயிரும் இல்லை.

“எல்லாம் சரி, இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கோபமோ?

பத்து நாள் கழித்து வந்தார். கையில் ஒரே ஒரு பக்கம்.

நல்ல கட்டுரைக்கு என்னென்ன கட்டங்கள்? யோசி, குறிப்பெடு, எழுது, திருத்து – கல்லூரிகளில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். மலர்விழியின் முதல் கட்டம் வேறு. அவர் பத்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பத்மா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். இரண்டு வருடம் முன்பு, ஓடுகிற மெஷினில் சிக்கிய மாத்திரை அட்டையை எடுக்கப் போய் ஆள்காட்டி விரல் நுனியை இழந்தவர். ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

“மெஷின நிறுத்தாம எடுன்னு சொன்னது நான்தான் சார். லாரி காத்திட்டு இருந்துச்சு. விசாரணையில நான் வாயத் திறக்கல. அவளும் என்னைக் காட்டிக் கொடுக்கல. இப்ப எழுதட்டுமான்னு அவகிட்டயே கேட்டேன். ‘உன்னதி உன்னட்டு ராயி அக்கா’ன்னா. உள்ளத உள்ளபடி எழுதுன்னு.”

அதன் பிறகு எழுதி எழுதிக் கிழித்திருக்கிறார். முதலில் அந்த உண்மை மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்ததாம். அடுத்த முறை இரண்டாம் பக்கத்துக்கு ஏறியது. இப்போது அதுதான் முதல் வரி.

‘மெஷினை நிறுத்த வேண்டாம் என்று பத்மாவிடம் நான் சொன்னேன்.’

அசந்துபோனேன். கூடவே பயம். வேலை போய்விட்டால்? பேனாவை எடுத்தேன்.

“‘சொல்லப்பட்டது’ன்னு மாத்திடலாமா? கொஞ்சம் மென்மையா இருக்கும்.”

“நக்கோ சார், வேணாம். சொல்லப்பட்டதுன்னா யாரு சொன்னது?”

பேனாவை மூடிவிட்டேன். இலக்கணத்தில் இவ்வளவு பெரிய மறைவிடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கட்டுரை கொடுத்த மூன்றாம் நாள் அவருக்கு மெமோ வந்தது. சூப்பர்வைசர் பதவி போனது. இப்போது பத்மாவுக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிறார். பத்மாவின் ஃபைலில் இருந்த ‘கவனக்குறைவை’ அடித்துவிட்டார்கள். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வீடு திரும்புகிறார்களாம்.

பரிசா? அது வேறு யாருக்கோ.

இருபது வருடமாக வாரம் தவறாமல் எழுதுகிறேன்... எழுதினால் எனக்கு ஏதாவது பறிபோகும் என்கிற மாதிரி ஒரு வரி – இன்னும் எழுதியதில்லை.