டெரன்ஸுக்குக் கேட்ட மீன்

கனடாவிலிருந்து செய்தி வந்தபோது மன்னார் பஸ் நிலையத்தில் நின்றேன். வேலைக்குப் போகும் வழியில் விபத்து. டெரன்ஸ் இறந்துவிட்டான். எங்கள் ஊர் விடத்தல்தீவு வரும்வரை ஒன்றையே நினைத்தேன்: அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவனுடைய தாயிடம் அல்ல. என் அப்பாவிடம்.

டெரன்ஸ் எங்கள் ஒழுங்கைக்காரன், அதே தெருவில் வளர்ந்தவன், என் வயது. பள்ளி விடுமுறைகளில் என்னோடு அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறுவான். கத்தும் மீன்கள் உண்டு. எஞ்சினை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் பிடியில் காதை வைத்தால் கீழே மீன்கூட்டம் நிற்பது கேட்கும் என்பார்கள். எனக்கு ஒருபோதும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே சொன்னேன். டெரன்ஸ் கண்ணை மூடிக்கொள்வான். "மாமா, கத்துது! விடுங்கோ!" அப்பா வலையை விடுவார். போகப்போக அப்பா துடுப்பை அவனிடம் மட்டுமே நீட்டினார்.

போன தை மாதம் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தான். உறைந்த ஏரியின் நடுவில் நின்றான். எங்கும் வெள்ளை. ஐஸில் துளையிட்டு, ஒரு மண்வெட்டிப் பிடியை உள்ளே விட்டு, தொப்பியை விலக்கிக் காதை வைத்தான்.

"மாமா, கத்துது!"

பக்கத்தில் குந்தியிருந்த அவனுடைய நண்பன் பாய்ந்து எழும்பினான். "விசரா, அது ஐஸ் வெடிக்கிற சத்தம். ஓடடா!"

அப்பா என் கையிலிருந்து போனைப் பறித்தார். "ஓடாதை! தூண்டிலை விடு!"

விட்டான். சற்று நேரத்தில் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

"என்ன மீனடா?"

"பேர் தெரியாது மாமா. சொதி வைக்க ஆகும்."

அன்று முழுவதும் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். என் பட்டமளிப்பு விழாவில் அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

அவன் இறந்த செய்தியைச் சொன்னதும் அப்பா அழுதார். நாள்கள் போயும் அழுகை நிற்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவன்ர காது மாதிரி எனக்கு வாய்க்கேல்லைத்தான்," என்றேன்.

"அவனுக்கு என்ன கேட்டது? ஒரு மண்ணும் கேக்கேல்லை."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமல்? எஞ்சின் சத்தத்தில என்ர காதும் போய்க் கனகாலம். அவன் கத்துது எண்டால், ஒருக்கா விட்டுப் பாப்பம் எண்டு மனம் வரும். பாதி நாள் வெறும் வலைதான்."

"நான் உண்மையைத்தானே சொன்னனான்?"

"ஓமடா. கேக்கேல்லை எண்டு நீ சொன்ன உடன வள்ளத்தைத் திருப்புறதைத் தவிர வேற வழி இருக்கேல்லை."

நல்ல காது என்றால் பிறப்பில் வந்தது என்று பொறாமையை விட்டிருப்பேன். இது அப்படியல்ல. ஒன்றும் கேட்காதபோது, கேட்கிறது என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அது இன்றும் வராது. அவன் நினைவாக என்னிடம் படமோ பொருளோ இல்லை. இந்தப் பொறாமை இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.